கேட்காமல் கொடுத்த ஞானஸ்நானம்

நான் இருபத்தாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அதில் பதினோரு வருடம் விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டில். இப்போது திண்டிவனத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறேன். கோபக்காரி என்று இரண்டு ஊரிலும் எனக்குப் பெயர். கை கழுவாமல் வார்டுக்குள் வந்த பெரிய டாக்டரையே வெளியே போகச் சொன்னவள் நான். அந்தக் கதையை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஊரையே அதட்டிய இந்த நான்தான் ஒன்றரை வருடமாக ஒரு குழந்தையின் முன்னால் நிற்கக் கூசிக்கொண்டிருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் குழந்தை ஏழு மாதத்தில் பிறந்தது. பெண். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. தமிழ்ச் சமணர்களை எங்கள் பக்கத்தில் நயினார் என்றுதான் சொல்வோம். அப்பா சொந்த நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரமும் செய்கிறவர். அம்மாவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. குழந்தை எங்கள் வார்டில் இருந்த இரண்டு மாதமும் அவள் கதவுக்கு வெளியே, சுவரோரத்து இரும்பு நாற்காலியிலேயே கிடந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சிக் கொடுப்பாள். கேண்டீன் சாப்பாட்டைத் தொட மாட்டாள். வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டைப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் முறை, பஸ் லேட்டானால் அன்றைக்குப் பட்டினி. பால் கொடுக்கிறவள் வயிற்றைக் காயப்போடலாமா என்று நான் சத்தம் போடுவேன். ஒரு வேளை சாப்பிடாததால் ஒன்றும் ஆகிவிடாது என்று சிரிப்பாள்.

ஒருநாள் அவளிடம், பிள்ளைக்காக எந்த சாமியை வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன். கேட்டதில் கொஞ்சம் வம்பும் இருந்தது.

"வேண்டிக்கறதுன்னு எங்கள்ல ஒண்ணும் இல்லைங்க சிஸ்டர். தீர்த்தங்கரருங்க எதையும் குடுக்கறதும் இல்ல, எடுக்கறதும் இல்ல. அவங்கவங்க வினை அவங்கவங்களுக்கு" என்றாள்.

இந்த அளவு பிள்ளைக்கு என்ன வினை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. போன பிறவியில் செய்தது என்றாள், நேற்றுச் செய்ததைச் சொல்வது போல. எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. கேட்டால் கொடுக்கும் கடவுள் இவளுக்கு இல்லையே என்று. பிறப்பதற்கு முன்பே ஒட்டிக்கொண்ட பாவம் என்று ஒன்று என் மதத்திலும் இருப்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவே இல்லை.

பத்தொன்பதாம் நாள் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது. காலையிலிருந்தே மூச்சு விட்டு விட்டு நின்றது. மதியம் ஒரு மணி வாக்கில் உடம்பு சாம்பல் நிறமாகிவிட்டது. டாக்டர் வந்தார். அம்பு பேக் வைத்து மூச்சு கொடுத்தோம், ஊசி போட்டோம். இதயத் துடிப்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, கடைசியில் இறங்கியே நின்றது. அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவருக்கு இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது. அங்கே இரட்டைப் பிள்ளை, தாய்க்கு வலிப்பு. இனி நம் கையில் ஒன்றும் இல்லை, மூக்கில் ஆக்சிஜன் குழாய் மட்டும் இருக்கட்டும், தாயைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள் என்று கையுறையைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டு ஓடினார். சரி டாக்டர் என்றேன். என்கூட டூட்டியில் இருந்த பெண் ரத்தம் வாங்கப் போயிருந்தாள். வார்டில் நானும் நான்கு குழந்தைகளும்தான்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பின் பிறந்தவன். அவனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று மாதா கோயிலில் சொல்லி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் இறந்துவிட்டான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க அப்போதைய பங்குச் சாமியார் சம்மதிக்கவில்லை. வேலிக்கு வெளியே, முள்ளுக்கும் கருவேல மரத்துக்கும் நடுவே குழி வெட்டினார்கள். அவன் மோட்சத்துக்கும் போக மாட்டான், நரகத்துக்கும் போக மாட்டான், இரண்டுக்கும் ஓரமாக ஓரிடத்தில் கடவுள் முகத்தைப் பார்க்காமலே இருப்பான் என்று கோயிலில் ஜெபம் சொல்லித் தரும் உபதேசியார் ஆறுதல் சொன்னார். அதை ஆறுதல் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். என் அம்மா அதன் பிறகு முப்பது வருடம் உயிரோடிருந்தாள். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் உள்ளே மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் மட்டும் வேலியைப் பார்த்து நிற்பாள். நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்த அன்று அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சாகப் போகிற பிள்ளை எதுவாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடாதே என்றாள்.

அதுவரை இரண்டு பிள்ளைகளுக்கு அப்படிச் செய்திருந்தேன். இரண்டும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள், பெற்றவர்களே கேட்டுக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் சாமியார் வர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது எங்கள் சட்டம். ஆனால் இந்தப் பிள்ளைக்கு யாரும் கேட்கவில்லை. ஒரு ஸ்டெரைல் வாட்டர் பாட்டிலைத் திருகித் திறந்தேன். சில்லென்று இருக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்தேன். யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை கதவைப் பார்த்துக்கொண்டேன். பிறகு நெற்றியில் மூன்று முறை ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். ஞானஸ்நானப் பெயர் ஒன்று வேண்டுமே என்று என் அம்மாவின் பெயரை வைத்தேன். பஞ்சால் ஈரத்தைத் துடைத்தேன். எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

குழந்தை சாகவில்லை. மானிட்டரில் அறுபதில் நின்றிருந்த எண் எண்பதானது, நூறானது. உதட்டில் நிறம் வந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டு அழுதேன். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து பார்த்து, காலையில் மாற்றிய மருந்து கேட்கிறது என்றார். இருக்கலாம். அந்த மாதிரி பிள்ளைகள் அப்படித்தான், விட்டுவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது பிடித்துக்கொள்ளும். வழக்கம்போல மூன்று மணிக்குத் தாய்மார்களை உள்ளே விட்டபோது அவளிடம், காலையில் கொஞ்சம் சோர்ந்துபோனாள், இப்போது தேவலை என்று மட்டும் சொன்னேன். அவள் விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டது. நான் அடுத்த பிள்ளைக்கு டிரிப் மாற்றப் போய்விட்டேன்.

இரண்டு மாதத்தில் குழந்தை வீட்டுக்குப் போனது. அன்றைக்கு அவள் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மல்லாட்டை உருண்டை ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நான் வேலையை விட்டுத் திண்டிவனத்துக்கு வந்த பிறகு வீட்டுக்கே வந்தாள். இவங்கதான் பெத்தாங்க, நான் சும்மா சுமந்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்வாள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு கர்வம், அதை மறைக்கப் போவதில்லை. உன் வினையும் இல்லை, டாக்டர் மருந்தும் இல்லை, நான் ஊற்றிய தண்ணீர்தான் என்று. குழந்தை கிளம்பும்போது யாரும் கவனிக்காத மாதிரி அதன் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போடுவேன். கண்ணேறு கழிக்கிறீங்களா என்று ஒருமுறை அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். என் அம்மாவின் பெயரில் அந்தக் குழந்தையை மனதுக்குள் கூப்பிட்டும் பார்த்திருக்கிறேன். பெற்றவளுக்குத் தெரியாத ஒரு பெயரை அவள் பிள்ளைக்கு வைத்துக்கொண்டு நடமாடுவதில் என்ன தப்பு என்று எனக்கு மூன்று வருடம் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தது ஒரு வகுப்பு. திண்டிவனத்தில் எங்கள் பங்குக் கோயிலில் சனிக்கிழமை மதியங்களில் பொதுமக்களுக்கு இறையியல் வகுப்பு ஆரம்பித்தார்கள். நடத்த வந்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளம் சாமியார், என்னைவிட இருபது வயது சின்னவர். நாங்கள் ஞானஸ்நானம் என்பதை அவர் திருமுழுக்கு என்பார், ஜென்மப் பாவம் என்பதைப் பிறப்புநிலைப் பாவம் என்பார். வார்த்தையை மாற்றினால் வலி குறையுமா என்று நான் பின்வரிசையில் இருந்து முனகியிருக்கிறேன். ஆனால் பையன் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

முதல் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்களுக்குச் சுயசித்தம் என்பது உயிர்மூச்சு மாதிரி இருந்ததாம். எல்லாம் கிரகம் செய்கிற வேலை, தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில், இல்லை, நீ விரும்பித்தான் செய்கிறாய், விரும்பினால் செய்யாமலும் இருக்கலாம் என்று சொன்னவர்கள் அவர்கள். செய்யாமல் இருக்க முடியாது என்றால் தண்டிப்பது அநியாயம், கடவுள் அநியாயக்காரர் இல்லை என்பது அவர்கள் கட்சி. அதற்கு வெகுகாலம் கழித்து ஆப்பிரிக்கக் கரையில் ஓர் ஆயர், அதாவது பிஷப், வந்தார். வாலிபத்தில் தன் மனதோடு மல்லுக்கட்டித் தோற்றவர். முதல் மனிதன் விழுந்ததிலேயே மனிதச் சித்தம் நோய்ப்பட்டுவிட்டது, கடவுள் தன் அருளால் தூக்கிவிட்டால் ஒழிய அது நல்லதை விரும்பக்கூட முடியாது, அந்த விழுந்த பாவத்தோடுதான் ஒவ்வொரு பிள்ளையும் பிறக்கிறது என்றார். அவரை எதிர்த்தவர் தூரத்துத் தீவிலிருந்து வந்த ஒரு துறவி. நான் பலவீனன், என்னால் என்ன முடியும் என்று சொல்லிக்கொண்டே உல்லாசமாக வாழ்ந்தவர்களைப் பார்த்து அவருக்குப் பற்றிக்கொண்டு வந்ததாம். முடியாததைக் கடவுள் கட்டளை இடுவாரா என்று கேட்டார். அவரைச் சேர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், விரும்பாமல் பாவம் இல்லை, பச்சைப்பிள்ளைக்கு விருப்பமே இல்லை, பிறகு பாவம் எங்கிருந்து வரும் என்றார்கள். ஆயர் ஜெயித்தார். அந்தத் துறவியைத் திருச்சபை தள்ளிவைத்தது.

ஆயர் எப்படி ஜெயித்தார் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த பெரிய சாட்சி திருமுழுக்குதான் என்றார் சாமியார். பாவ மன்னிப்புக்காகக் கொடுப்பதைப் பிள்ளைகளுக்கும் நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறோம், பாவம் இல்லை என்றால் எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்டாராம்.

எனக்கு வந்ததே கோபம். கொடுக்கிற மருந்தை வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிப்பதா, எந்த ஆஸ்பத்திரியில் நடக்கும் இது என்று எழுந்து கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. சாமியாரும் சிரித்துவிட்டு, தண்ணீர் பெறாமல் இறந்த பிள்ளைகளுக்கும் தீதான், ஆனால் மிக மிக லேசான தீ என்று அந்த ஆயர் எழுதியதையும், பின்னால் வந்தவர்கள் மனசு கேட்காமல் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் ஓரமாக ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்ததையும் சொன்னார். இப்போது திருச்சபை அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான் என்றார். அப்படியானால் என் தம்பியை எதற்காக வேலிக்கு வெளியே போட்டீர்கள் என்று கேட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா என்றார் அவர். அவர் பிறப்பதற்கு முன் நடந்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்தவன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது இத்தனை சுலபமா என்று அன்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் என் தூக்கம் போனது. அந்த ஆயர் வயதான காலத்தில், வழிதவறியவர்களை அரசாங்கத்தின் பலத்தைக் கொண்டு இழுத்துவந்து உள்ளே சேர்ப்பதிலும் தப்பில்லை என்று எழுதினாராம். அவர்களுடைய நன்மைக்குத்தானே செய்கிறோம் என்பது அவர் நியாயம். நான் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் இருக்கிறாள் என்று ஆரம்பித்து, வேற்று மதப் பிள்ளைக்கு, பெற்றவர்களுக்குச் சொல்லாமல் அவள் தண்ணீர் ஊற்றிவிட்டாள், பிள்ளை பிழைத்துக்கொண்டது, அது சரியா என்று கேட்டேன். சாவு அபாயம் இருந்தால் சட்டப்படி சரிதான் என்றார். அப்படியானால் அந்தப் பிள்ளை இப்போது யார்? அவர் யோசித்துவிட்டு, கொடுத்தது கொடுத்ததுதான், அதை யாராலும் அழிக்க முடியாது என்றார். எனக்குத் தெரிந்த நர்ஸ் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தே பேசவில்லை.

அந்த வார்த்தை என்னைப் பிடித்து ஆட்டியது. பிள்ளைக்குப் பாவமே இல்லை என்றால் நான் எதைக் கழுவினேன்? பாவம் இருந்து, கடவுள் அவளாக விரும்பி வரட்டும் என்று காத்திருந்தார் என்றால், குறுக்கே புகுந்து அவள் கையைப் பிடித்து இழுத்தவள் நான்தானே? அந்தப் பக்கம் போனாலும் குற்றம், இந்தப் பக்கம் போனாலும் குற்றம். இரண்டு மாதம் இப்படியே அல்லாடிவிட்டு விழுப்புரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு வயதான சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

"அது பாவம் இல்லம்மா, புண்ணியம். வேற எதுனா இருந்தா சொல்லு" என்றார்.

வேறு என்ன சொல்ல? கோபம், புறணி என்று வழக்கமான நான்கைச் சொன்னேன். அவற்றுக்கு மன்னிப்புக் கிடைத்தது. எது என்னை அரித்துக்கொண்டிருந்ததோ அதற்குக் கிடைக்கவில்லை. பாவம் இல்லாததை எப்படி மன்னிக்க முடியும்? பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்தபோது, மன்னிக்க வேண்டியவள் அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் இல்லை என்று தோன்றியது. தோன்றியதே தவிர அவளிடம் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் அவள் என்னைத் தூக்கி எறிந்துவிடுவாள். பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளை வராது. கதை வெளியே போனால் அந்த வார்டில் வேலை செய்கிற மற்ற பெண்களுக்கும் கெட்ட பெயர். இத்தனை நியாயமும் எனக்காக நானே தேடிக்கொண்டவை.

இந்த வருடம் நான் தப்பிக்கும் வழியை அவளே அடைத்துவிட்டாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாகவும், அதற்கு முன்னால் மேல்சித்தாமூர் மடத்தில் வைத்து எழுத்து ஆரம்பித்து வைக்கப் போவதாகவும் போன் செய்தாள். அன்றைக்குப் பிள்ளை பக்கத்தில் பெரியவர்கள் ஒருவர் உட்கார வேண்டும், எங்க வீட்டுக்காரர் கிட்ட கூட சொல்லிட்டேன், நீங்கதான் உக்காரணும்க்கா என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்தப் பிள்ளைக்கு அழிக்க முடியாத ஒன்றைத் திருட்டுத்தனமாகச் செய்துவிட்டு, அவர்கள் மடத்தில், அவர்கள் சாமிக்கு முன்னால், அவள் கையைப் பிடித்து அரிசியில் எழுத வைக்க என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

முதல் நாள் மதியமே கிளம்பினேன். செஞ்சி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனேன். அவள் வீட்டு முற்றத்தில் மறுநாளைக்கான பயறு உலர்ந்துகொண்டிருந்தது. பிள்ளை பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தது. அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் இன்றைக்கே வந்துவிட்டீர்கள் என்று கேட்டாள், சந்தோஷமாகத்தான். நான் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். பத்தொன்பதாம் நாளிலிருந்து. என் தம்பி, என் அம்மா, தண்ணீர், பெயர், நெற்றியில் போட்ட சிலுவைகள் எல்லாவற்றையும். கண்ணேறு இல்லை என்பதையும். எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி, என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்த பிறகு சேலை முந்தானையை இரண்டு மூன்று முறை மடித்துப் பிரித்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது.

"தண்ணிதானேக்கா. நீங்க ஊத்தின தண்ணி எங்க வினையை என்னா பண்ணிடும்? எங்க மாமியா காதுல போட்டுடாதீங்க, அவ்ளோதான்."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஒன்றரை வருடம் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவள் ஒரு கையால் ஒதுக்கிவிட்டாள். திருச்சபை புண்ணியம் என்றது, இவள் ஒன்றுமே இல்லை என்கிறாள், நான்தான் வீணாக அல்லாடியிருக்கிறேன் என்று நினைத்து மோரை எடுத்துக் குடித்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள், அந்த நேரத்தில் டாக்டர் என்ன சொன்னார் என்று. பிழைக்காது என்றார் என்றேன். அது தெரிகிறது, உங்களிடம் என்ன செய்யச் சொன்னார் என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவ்வளவு நேரம் உண்மை பேசிவிட்டு அது வரவில்லை.

உன்னைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார் என்றேன்.

அவள் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பயறைக் கையால் பரப்பிவிட்டாள்.

"நான் கதவு கிட்டதான் உக்காந்துகினு இருந்தேன்க்கா. உங்களுக்குத் தெரியும். எங்கள்ல உசுரு போற நேரத்துல காதுல மந்திரம் சொல்லணும். அது ஒண்ணுதான் நாங்க பண்ண முடியறது. அன்னிக்கு அவ போயிருந்தா, நான் வெளிய உக்காந்துகினே இருந்திருப்பேன். நீங்க உங்களுத சொல்லிட்டீங்க. என்னுத சொல்ல என்னை விடல."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நேரம் இல்லை, பதற்றம், கூட ஆள் இல்லை என்று. அவள் என்னைப் பார்த்தாள். நேரம் இருந்தது. தண்ணீரை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நின்ற நேரம் அது. இப்போதுதான் நானே அவளிடம் சொல்லியிருந்தேன்.

பிள்ளை ஓடிவந்தது. என்னைப் பார்த்ததும் பெரியம்மா என்று மேலே விழுந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். பொழுது சாயப் போகிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று இலை போட்டாள். நான் சாப்பிட்டேன். அவள் பரிமாறினாள். இரண்டாவது முறை சாதம் வைக்கும்போது, நாளைக்கு அவ பக்கத்துல நானே உக்காந்துக்கறேன்க்கா என்றாள். சரி என்றேன். கிளம்பும்போது பிள்ளை வழக்கம்போல நெற்றியைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. நான் தலையை மட்டும் தடவிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த ஆயரையும் துறவியையும் நினைத்துக்கொண்டேன். மனித சித்தம் நோய்ப்பட்டதா, சுதந்திரமானதா என்று அவர்கள் காலமெல்லாம் சண்டை போட்டார்கள். மற்ற நாட்களில் எப்படியோ, அந்த மூன்று நான்கு நிமிடம் என் சித்தத்துக்கு ஒரு நோயும் இல்லை. குழந்தையைக் கதகதப்பாக வைத்திருந்த வார்மருக்கும் கதவுக்கும் நடுவில் பத்தடி இருக்கும். கூப்பிட்டிருந்தால் அவள் இருக்கும்போது என்னால் தண்ணீர் ஊற்றியிருக்க முடியாது. அது தெரிந்துதான் கதவைப் பார்த்தேன், தெரிந்துதான் கூப்பிடாமல் விட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோதுகூட டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, அது என் கணக்கிலேயே வரவில்லை. நான் கடவுளோடும் என் தம்பியோடும் பேசிக்கொண்டிருந்தேன், ஒரு தாய் வெளியே நாற்காலியில் இருந்தது எனக்கு இடைஞ்சலாக மட்டுமே இருந்தது.

பிறந்தநாள் வந்து போய்விட்டது. அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கிறாள், பிள்ளை நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது என்கிறாள். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள். அன்று நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது தண்ணீர் ஊற்றியதற்கு. கூப்பிடாததற்கு இன்னும் கேட்கவில்லை.